யார் எண்ணை மாற்றுவது?

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் யாரும் ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்வதில்லை. ‘கண்டிகைல எறங்கணும்’ என்றால் போதும். சென்னையில் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், கூரியரில் புடவைக் கட்டு அனுப்பும்போதும்தான் அந்த இரண்டு எழுத்துகளும் முன்னால் வந்து சேர்கின்றன. தொண்டை மண்டலத்தில் கண்டிகைகள் அத்தனை. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையில் ஒரு கண்டிகை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே எழுத்து ஒட்டியவை, பெயர் ஒட்டியவை என்று பல. பேட்டைகளுக்கும் இதே கதைதான். அதனால்தான் பக்கத்தில் ஆர்.கே.பேட்டை என்றும் பொதட்டூர்பேட்டை என்றும் பிரித்துச் சொல்கிறோம். எல்லாக் கண்டிகைக்காரர்களும் தங்கள் ஊரைக் கண்டிகை என்றே அழைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு கண்டிகைகளின் ஆட்கள் ஒரே இடத்தில் சந்திக்கும்வரை எந்தக் குழப்பமும் வராது.

இணையத்தில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பெயர்கள் எண்களாக இருக்கின்றன. வீட்டிலோ கடையிலோ உள்ள வைஃபை ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ அச்சிட்டிருக்கும். அது அந்த ரூட்டரின் உள்ளூர் முகவரி. அதனோடு சேரும் செல்பேசி, மடிக்கணினி, கேமரா எல்லாவற்றுக்கும் 192.168.1.2, 192.168.1.3 என்று ரூட்டரே எண் கொடுத்துவிடும். திருத்தணி பஜாரிலும் சாவோ பாவ்லோவிலும் கொரியாவிலும் இதே எண்கள்தான். அந்தந்த இடத்துக்குள் மட்டும் செல்லுபடியாவதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மோதல் எப்போது வரும் என்றால், ஒருவர் தன் இணைப்பை இன்னொருவருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது வரும். அந்த மோதலை ஒரு சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இணையம் யாருக்கு எப்படிப் பங்கிடப்பட்டது என்ற முழுக் கதையும் அந்தச் சின்ன மோதலுக்குள் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஜெராக்ஸ் கடை ஒன்று இந்தப் பக்கத்துச் சாலையோரத்தில் இருக்கிறது. பட்டா எடுப்பது, வில்லங்கம் பார்ப்பது, தேர்வாணைய விண்ணப்பம் போடுவது, கல்லூரிக் கட்டணம் கட்டுவது எல்லாம் அங்கேதான். கேபிள்காரர் மூலம் ஃபைபர் இணைப்பு வந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் கைப்பேசி பழுதுபார்ப்பவர். ஆடிக் கிருத்திகை நாட்களில் காவடியோடு லட்சக்கணக்கானோர் திருத்தணி மலைக்கு வந்து குவியும்போது செல்பேசி நெட் நகரவே நகராது. ஃபைபர் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குவதைத் தவிர வழியில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மனமுவந்து ஒரு கேபிளைச் சுவர் ஓட்டை வழியாக நீட்டினார். அந்தப் பக்கம் புதிதாக வாங்கிய ரூட்டர் ஒன்றில் அதைச் செருகினார்கள். வைஃபை பெயர் திரையில் வந்தது, கடவுச்சொல்லும் ஏற்றது. ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்ற வரி மட்டும் போகவில்லை. அணைத்துப் போட்டார்கள், கேபிளை மாற்றினார்கள், வேகத்தைக் குறை சொன்னார்கள். கடைசியில் கேபிள்காரரிடம் வேலை பார்க்கும் தம்பி வந்தான். இரண்டு பெட்டிகளின் அடிப்பகுதியையும் பார்த்ததும் சொல்லிவிட்டான்.

“ரெண்டுக்கும் ஒரே ஐ.பி.ணா. அதான் முட்டிக்குது. ஒண்ண மாத்தணும்.”

“யாருத மாத்துவ?”

“உங்களுது மேல இருக்குதுணா. கீழ இருக்கிறத மாத்திடலாம்.”

தன் கைப்பேசியிலேயே பழுதுபார்ப்பவரின் ரூட்டர் பக்கத்தைத் திறந்தான். 192.168.1.1 என்று இருந்ததை 192.168.5.1 ஆக்கிச் சேமித்தான். பெட்டி ஒரு முறை அணைந்து எரிந்தது. நெட் ஓடத் தொடங்கியது.

உள்ளே நடந்தது இதுதான். ஒரு ரூட்டரிடம் எந்தத் தகவல் பொட்டலம் வந்தாலும் அது முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இது போகவேண்டிய முகவரி என் உள்பக்கத்தைச் சேர்ந்ததா, வெளிப்பக்கத்தைச் சேர்ந்ததா? உள்பக்கம் 192.168.1 என்று தொடங்கும் எண்கள்; மற்றதெல்லாம் வெளியே. ஜெராக்ஸ் கடையின் பெட்டியும் தன் பிள்ளைகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் எண்களையே கொடுக்கிறது. ஆகவே பழுதுபார்ப்பவரின் ரூட்டருக்கு உள்ளேயும் அதே எண்தொடர், வெளியேயும் அதே எண்தொடர். ‘வெளியே போக வேண்டுமானால் 192.168.1.1-இடம் கொடு’ என்று மேல் பெட்டி சொல்லி அனுப்பியிருக்கிறது. கீழ்ப் பெட்டி பார்க்கிறது: 192.168.1.1 என்பது தானேதான். வெளியே போகவேண்டிய பொட்டலத்தைத் தன்னிடமே கொடுத்துக்கொள்கிறது. இன்றைய ரூட்டர்கள் சில இந்த மோதலைத் தாமே கண்டுபிடித்துத் தம் எண்ணை மாற்றிக்கொள்கின்றன. விலை குறைந்தவை பலவும் அப்படியே திகைத்து நின்றுவிடுகின்றன.

எண்ணை மாற்றாமலும் இதைத் தீர்க்கலாம். கீழ்ப் பெட்டியின் எண் கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, மேலிருந்து வரும் கேபிளை வெளிப்பக்கத் துளையில் செருகாமல் உள்பக்கத் துளை ஒன்றில் செருகினால் அது வெறும் வைஃபை நீட்டிப்பாகிவிடும். அப்போதும் அதன் சொந்த எண் மேல் பெட்டியின் எண்ணாக இருக்கக் கூடாது, 192.168.1.250 என்பது போல ஏதாவது கொடுத்துவிட வேண்டும். இரண்டு கடைகளும் ஒரே உள்பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒரு கடையின் பிரிண்டர் மற்றக் கடையின் கணினிக்குத் தெரியும். வாடிக்கையாளரின் ஆதார் நகல் கிடக்கும் கணினியை அப்படித் திறந்துவைப்பது சரியில்லை என்பதால் தம்பி செய்ததுதான் நல்ல வழி.

வீட்டுக்குள்ளேயும் இதே மோதல் வேறு உருவங்களில் வந்திருக்கிறது. விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பில், 1999-இல், ஒரு கணினியின் இணைப்பை மற்றக் கணினிகளுக்குப் பகிரும் வசதி வந்தது. அதை இயக்கியதும் பகிரும் கணினி தனக்கு 192.168.0.1 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும். மோடமும் அதே எண்ணில் இருந்தால் பகிர்வு தொடங்கவே தொடங்காது. பின்னால் விண்டோஸ் 7 வந்தபோது அந்த எண் 192.168.137.1 ஆயிற்று. பழைய ஆண்ட்ராய்டு பேசிகளின் ஹாட்ஸ்பாட் 192.168.43.1 என்று தொடங்கும், ஐபோன் 172.20.10.1 என்று தொடங்கும். 137, 43, 172.20.10 என்று ஆளுக்கொரு மூலையைத் தேடிப் போயிருக்கிறார்கள். எதன்மேலும் இடித்துக்கொள்ளாத ஓர் எண்ணை யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தெரியாத வீட்டில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்த்து ஒதுங்கி நிற்கும் அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இணைப்பைப் பகிர்வது இங்கே புதிதல்ல. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்த மடிக்கணினிகள் கிராமத்து வீடுகளுக்கு வந்தபோது பெரும்பாலான வீடுகளில் இணைப்பு இல்லை. அண்ணனின் பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட், எதிர்வீட்டு வைஃபை, பள்ளி விட்டதும் ஜெராக்ஸ் கடை என்று பகிர்ந்தே அவை இணையத்தைப் பார்த்தன. அதற்கும் முன்பே தமிழ் கிராமங்களுக்கு இணையம் பகிர்வாகத்தான் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பம் 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணையக் கூடங்களைக் கொண்டுவந்தது. நொடிக்கு 35, 70 கிலோபிட் வேகம்; ஒரு கூடத்துக்கு ஒரு கணினி; ஊரே பயன்படுத்தியது. தனித்தனி வீட்டுக்குத் தனித்தனி இணைப்பு என்பது இங்கே மிகவும் பிந்தி வந்த எண்ணம்.

பிந்தி வந்ததன் விலையை எண்களில் பார்க்க முடிகிறது.

இன்றும் பெருமளவு புழங்கும் நான்காம் பதிப்பு (ஐபிவி4) இணைய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அமெரிக்க ராணுவப் பணத்தில் வளர்ந்த ஒரு சோதனை வலைப்பின்னலுக்கு 1980-களின் தொடக்கத்தில் இது தீராத புதையலாகத் தெரிந்திருக்கும். கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். மாசசூசெட்ஸில் உள்ள எம்.ஐ.டி. என்ற ஒரே பல்கலைக்கழகத்துக்கு 18 என்று தொடங்கும் அத்தனை முகவரிகளும் போயின. அவை 1 கோடியே 67 லட்சம். ஃபோர்டு கார் நிறுவனத்துக்கு 19, ஆப்பிளுக்கு 17. எம்.ஐ.டி. 2017-இல் தன் பங்கின் ஒரு பகுதியை விற்கவும் செய்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அதற்கு முன்பே இணையப் பொறியாளர்கள் முகவரிகள் தீரப்போகின்றன என்று கவலைப்பட்டு மாற்றுவழி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த மாற்றுவழிதான் நம் ரூட்டரின் அடியில் இருக்கும் எண். 1994 மார்ச்சில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1597 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம், வெளியுலகத்தோடு நேரடியாகப் பேசத் தேவையில்லாத இயந்திரங்கள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்திக்கொள்ள மூன்று எண்தொகுதிகளை ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. பத்து என்ற எண் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் உண்டு: அது இணையத்தின் மூதாதையான அர்பாநெட்டின் எண். அந்த வலைப்பின்னல் 1990-இல் மூடப்பட்டதும் எண் விடுதலையானது. முதன்முதலில் இருந்த வலைப்பின்னலின் எண் இன்று எண்ணற்ற அலுவலகங்களின் உள்ளறையில் உலவுகிறது.

இந்த ஏற்பாட்டை எல்லாரும் வரவேற்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் எலியட் லியர் உள்ளிட்ட நால்வர் ஒரு மறுப்பு எழுதினார்கள், ஆர்.எஃப்.சி. 1627. பத்தாம் வலைப்பின்னல் தீங்கானது என்பதே அதன் தலைப்பு. இணையத்தின் அடிப்படை ஒப்பந்தம் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உலகில் ஒரே முகவரி என்பதுதான். அதைக் கைவிட்டால் இன்று தனித்திருப்பவர்கள் நாளை இணையும்போது மோதுவார்கள் என்பது அவர்களுடைய வாதம். பிறகு நடந்தது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918-ஐச் சேர்ந்தே எழுதினார்கள். முதல் ஆவணத்தின் யாகோவ் ரெக்டர், டேனியல் காரன்பெர்க் முதலியோரின் பெயர்களோடு, எதிர்த்து எழுதிய எலியட் லியரின் பெயரும் அதில் இருக்கிறது. எதிர்த்தவர்களின் கவலையும் உள்ளே இடம்பெற்றது. தனி முகவரி பயன்படுத்தும் இரண்டு நிறுவனங்கள் பிற்காலத்தில் இணைய நேர்ந்தால் முகவரிகள் மோதலாம், ஆகவே ஒதுக்கப்பட்ட தொகுதிகளுக்குள் எங்காவது ஓரிடத்தைத் திட்டமில்லாமல், குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆவணம் அழுத்திச் சொல்கிறது.

அந்தப் பரிந்துரையைப் பெட்டி செய்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்குப் போதுமான 256 எண்கள் கொண்ட துண்டுகளாக மூன்று தொகுதிகளையும் வெட்டினால் 69,888 துண்டுகள் கிடைக்கும். இத்தனை இருக்க, உலகத்து வீட்டு ரூட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0, 192.168.1 என்ற இரண்டே துண்டுகளில் போய்க் குவிந்தன. கையேட்டில் ஒரே எண்ணை அச்சடிக்கலாம், வாடிக்கையாளர் சேவையில் ஒரே எண்ணைச் சொல்லலாம் என்ற வசதிக்காக. அந்த வசதி அவர்களுக்கு. இடிபடுவது கண்டிகையில் சுவர் ஓட்டை வழியாகக் கேபிள் நீட்டியவர்.

கொரோனா முடக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களுக்கும் இது தெரியும். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்த பிள்ளைகள் வீட்டிலேயே உட்கார்ந்து வி.பி.என். மூலம் அலுவலக வலைப்பின்னலுக்குள் போனார்கள். சிறிய அலுவலகங்களின் சர்வர் 192.168.1.10 என்று இருக்கும். வீட்டில் அதே 192.168.1.10 அப்பாவின் செல்பேசியாக இருக்கும். கணக்குக் கோப்பைத் திறக்கச் சொன்னால் கணினி அப்பாவின் பேசியிடம் போய்க் கேட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று காத்துக் கிடக்கும். இங்கேயும் ‘யாருத மாத்துவ?’ என்ற கேள்வியே. அலுவலகம் மாறாது. வீட்டில்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் நான் காண்கிற ஒழுங்கு ஒன்று உண்டு. இரண்டு உள்ளூர் எண்கள் மோதும்போது, எந்த எண் சரி என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை; இரண்டுக்கும் ஒரே உரிமை. ஆகவே மேலே இருப்பவர் அப்படியே இருப்பார், கீழே இருப்பவர் மாறுவார். யாரிடமிருந்து இணைப்பு வருகிறதோ அவர் மேல். இந்த வட்டாரம் இப்படியொரு வழக்கைப் பெரிய அளவில் கண்டது. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் நடத்திய எல்லைப் போராட்டமும், எச்.வி.படாஸ்கரின் பரிந்துரையும், 1959-இல் இயற்றிய எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்துதான் அதை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார். பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து இரு மாநிலங்களும் கிராமங்களைக் கொடுத்து வாங்கின. இரண்டு பக்கமும் உரிமை உள்ள இடத்தில் யார் விட்டுக்கொடுப்பது என்பதைப் பலமில்லாதவர் தலையில் கட்டாமல், ஒரு விதியை முன்வைத்துப் பேசித் தீர்த்தார்கள். எல்லாருக்கும் நிறைவாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். விதி என்று ஒன்று இருந்தது, அவ்வளவே.

இணைய முகவரிகளிலும் மேலே இருப்பவரே மாறிக்கொண்ட தருணம் ஒன்று வந்தது; அதற்கு வழிவகுத்தது தட்டுப்பாடு. 2011 பிப்ரவரி 3-இல் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்து கடைசி ஐந்து தொகுதிகளும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுக் கையிருப்பு தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் தன் கடைசித் தொகுதியில் கைவைத்தது. அன்றிலிருந்து அந்தத் தொகுதியிலிருந்து கேட்கும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். 2019-இல் அதையும் 512 ஆக்கினார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் போன பந்தியில், ஒரு வட்டாரத்துக்கே இணையம் தரப் புதிதாகப் புறப்பட்ட சிறு நிறுவனத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் அமைதியாகக் கடக்க முடிவதில்லை.

ஆயிரம் முகவரிகளை வைத்துக்கொண்டு பல்லாயிரம் வீடுகளுக்கு எப்படிக் கொடுப்பது? நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு உள்ளூர் எண்களைக் கொடுத்து, பலரை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்தியது. வீட்டு ரூட்டர் செய்கிற அதே மாற்றல் வேலையை ஊரளவில் செய்தது. உடனே அதே மோதல் ஊரளவில் எழுந்தது. நிறுவனம் கொடுத்த எண் 192.168-இலோ 10-இலோ தொடங்கி, வீட்டுக்குள்ளும் அதுவே இருந்தால் ரூட்டர் திகைத்து நின்றது. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போய் எண்ணை மாற்றுங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6598 வந்தது, 100.64 முதல் 100.127 வரையிலான 41 லட்சத்து 94 ஆயிரத்து 304 முகவரிகளை நிறுவனங்களின் பயன்பாட்டுக்கென்று தனியே ஒதுக்கியது. வீடுகள் பயன்படுத்தும் எண்களில் நீங்கள் கைவைக்காதீர்கள், விலகி நில்லுங்கள் என்பதே அதன் பொருள். கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் மேலே இருப்பவர் மாறிக்கொண்டார். உங்கள் ரூட்டர் பக்கத்தில் வெளிமுகவரி என்ற இடத்தில் 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண் தெரிந்தால் நீங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள்.

மோதல் தீர்ந்தது, குறை தீரவில்லை. கைப்பேசி பழுதுபார்ப்பவரின் மேசையில் இருக்கும் பேசியிலிருந்து கிளம்பும் ஒரு கேள்வி அவருடைய ரூட்டரில் ஒரு முறை, ஜெராக்ஸ் கடைப் பெட்டியில் ஒரு முறை, நிறுவனத்தின் இயந்திரத்தில் ஒரு முறை என்று மூன்று இடங்களில் முகவரி மாறித்தான் வெளியுலகம் போகிறது. பதில் அதே வழியில் திரும்பி வந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து யாராவது முதலில் அவரைத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். கூடத்துக்காரர் சென்னைக்குப் போன இடத்தில் தன் தறியைப் பார்க்க நினைத்தால், தன் கூடத்துக்கு நேராகப் போக முடியாது. கேமரா நிறுவனத்தின் தொலைதூர சர்வருக்குப் படம் போய், அங்கிருந்து அவர் பேசிக்கு வருகிறது. அந்த நிறுவனம் சேவையை நிறுத்தினால் கேமரா இருந்தும் இல்லாததுபோலத்தான். தன் பாடல்களையோ கடையின் விலைப்பட்டியலையோ தன் வீட்டுக் கணினியிலிருந்தே உலகுக்குத் தர நினைக்கும் ஒரு மாணவிக்கும் அதே நிலை. கேட்கலாம், வாங்கலாம், பார்க்கலாம். தன்னிடம் மற்றவர்கள் வந்து கேட்கும்படி ஓரிடத்தில் நிற்க முடியாது. இணையம் கண்டுபிடிக்கப்பட்டபோது இரண்டு முனைகளும் சமம் என்பதே அதன் அமைப்பாக இருந்தது. அந்தச் சமத்துவம் நம் கிராமத்துக்கு வருவதற்கு முன்பே எண்கள் தீர்ந்துவிட்டன.

பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் நிற்பதில் ஆபத்தும் உண்டு. 2007-இல் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரை புனே போலீசார் கைது செய்தார்கள். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்திய ஒரு படம் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து ஏறியது என்று தேடியதில், தொலைத்தொடர்பு நிறுவனம் தவறான வாடிக்கையாளரின் விவரத்தைக் கொடுத்திருந்தது. அவர் சுமார் 50 நாள் சிறையில் இருந்தார். இத்தனைக்கும் அந்த நேரத்தில் அந்த முகவரி யாரிடம் இருந்தது என்று சரியாகப் பார்த்திருந்தாலே போதும். இன்று ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். எந்த முகவரி, எந்த நொடி என்பதோடு எந்தத் துறை எண் (போர்ட்) என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் தெரியும். பக்கத்துக் கடைக்கு மனமுவந்து கேபிள் நீட்டியவரின் பெயர்தான் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. கொடுத்த நல்ல மனதுக்காக அவர் பயப்பட நேர்வது வெட்கக்கேடு.

வழி இல்லாமல் இல்லை. ஆறாம் பதிப்பு (ஐபிவி6) முகவரி முறை 1995 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் பங்கே பழைய இணையம் முழுவதையும்விடப் பெரிது. உள்ளூர் எண்களுக்கும் அதில் ஓர் ஏற்பாடு உண்டு. 2005 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 4193. ஒவ்வொரு வீடும் தன் உள்ளூர் எண்தொடரை இயந்திரத்தை வைத்துக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். குலுக்கலில் உள்ள சாத்தியங்கள் ஒரு லட்சம் கோடிக்கு மேல். இரண்டு வீடுகள் பிற்காலத்தில் இணைந்தாலும் ஒரே எண் விழுந்திருக்க வாய்ப்பில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 1996-இல் வெறும் பரிந்துரையாகச் சொன்னதை இங்கே விதியாகவே ஆக்கிவிட்டார்கள். யார் மாறுவது என்ற கேள்வியே அங்கு எழாது.

செல்பேசிகளில் இது வந்துவிட்டது. ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே ஆறாம் பதிப்பின்மேல் பெரிதும் நின்றது. இன்று இந்த முறையைப் பயன்படுத்துவதில் உலகின் முன்வரிசை நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கண்டிகையில் மாடு மேய்க்கும் பையனின் கையில் உள்ள பேசிக்கு உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் இருக்கலாம். ஆனால் ஜெராக்ஸ் கடை, விசைத்தறிக் கூடம், பள்ளி போன்ற நிலையான இடங்களில் உள்ள பெட்டிகளில் பலவற்றில் ஐபிவி6 என்ற பக்கம் அணைக்கப்பட்டே கிடக்கிறது. தாமே எதையாவது வழங்கக்கூடிய இடங்கள் இவைதான். நிறுவனம் அனுப்புவதில்லை என்பது சில இடங்களில் காரணம். அனுப்பியும் இங்கே யாரும் திறக்கவில்லை என்பது மற்ற இடங்களில்.

பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் செய்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து அடுத்த கட்டமாக வீடுகளுக்குக் கம்பி நீளும்போது எத்தனை எம்.பி.பி.எஸ். என்று எல்லாரும் கேட்பார்கள். அதோடு முகவரியையும் கேட்க வேண்டும். கிராம சபையில் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் தீர்மானம் போடுவதுபோல, ஊருக்கு வரும் இணைப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறாம் பதிப்பு எண்தொடர் தரப்பட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடலாம். கேபிள்காரரிடம் புது இணைப்பு எடுப்பவர் ‘ஐபிவி6 வருமா தம்பி?’ என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவர் நிறுவனத்திடம் கேட்பார். வந்ததும் ரூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து இயக்க வேண்டும். இயக்கும்போது ஃபயர்வால் என்ற வரியும் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு வெளியிலிருந்து தேட முடியாமல் இருந்த கேமராவும் பிரிண்டரும் இனி யாரும் தேடி வரக்கூடிய இடத்தில் நிற்கும். எதைத் திறந்துவைப்பது, எதை மூடிவைப்பது என்று கடைக்காரரே ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருக்கும்.